வெறும் கல்

என்னவளுக்கு,

நமக்குள் நடந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. இது தொழில் விஷயம் மட்டும்.

நம் சோலார் நிலையத்துக்கு முதல் போட்டவர்கள் வந்திருந்தார்கள். இரவில் விளக்கெரிக்கும் வீடுகளை மட்டும் நம்பி நடத்த முடியாதாம். பகலிலும் கரண்ட் வாங்க ஆள் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம்.

பகலில் ஓடியது உன் மாவு மில் ஒன்றுதான். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போனதை அவர்களிடம் சொல்லவில்லை.

நேற்று, மீட்டராவது ஓடட்டும் என்று, தானியம் போடாமல் வெறும் கல்லைச் சுற்றவிட்டேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரி கோதுமைத் தூக்குவாளியோடு ஓடி வந்தாள்.

"அக்கா வந்துட்டாங்களா?"

"இல்லம்மா. சும்மா ஓட்டிப் பாத்தேன். குடு, நானே அரைச்சுத் தரேன்."

"பரவால்லண்ணே, அவங்களே வரட்டும்."

தூக்கை மில்லிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதைத் திருப்பிக் கொடுக்காமல் அங்கேயே வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்