போத்தலில் அப்பப்பா

லின்ஃபீல்ட், ஒக்லாண்ட்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் யசீகரனுக்கும் மருமகள் ரஷ்மிக்கும்,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. நீங்கள் இரண்டு பேராவது சுகமாயிருக்க முருகன் துணை நிற்கட்டும். உங்கள் தென்தீவில் காலையில் திராட்சைக் கொடியெல்லாம் உறைபனி மூடிக் கிடக்கிற படத்தை ரஷ்மி அனுப்பியிருந்தாள். தலைக்கு ஒன்றும் போடாமல் தோட்டத்துக்குள் இறங்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் பட்டால் காதுவலி. இங்கே மழை விட்டபாடில்லை, தோய்த்த உடுப்பு காயாமல் வீடு முழுக்க ஈர நாற்றம். போனில் கதைக்கலாம்தான், ஆனால் நீ கத்துவாய், நான் அழுவேன், அப்பா எழும்பிப் போய்விடுவார். அதனால்தான் கடிதம். முழுக்க வாசி, பாதியில் கோபித்துக்கொண்டு மூடி வைக்காதே.

தங்கச்சி கஜானியின் கல்யாணம் குழம்பிப்போய்விட்டது. நீ கூரியரில் அனுப்பிய வைன் பெட்டி வந்து சேர்ந்த அன்றுதான் நாங்கள் வெஸ்ட்கேட்டில் திலக்சன் வீட்டுக்கு நாள் குறிக்கப் போனோம். ஆல்பனியில் அவளோடு ஒன்றாகப் படித்த பிள்ளை, அவளாகவே விரும்பியவன், சாதகமும் பொருந்தி வந்திருந்தது, எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பலகாரத்தோடு, என் மகனின் தோட்டத்து வைன் என்று பெருமையாக ஒரு போத்தலையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சுற்றியிருந்த கடதாசியைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கொண்டுதான் போயிருப்பேனோ என்னவோ, மகன் அனுப்பிய போத்தலல்லவா.

திலக்சனின் அப்பா சந்தோஷமாகத்தான் பிரித்தார். பிளா என்று தமிழிலேயே பெயர் போட்டிருக்கிறான் பாருங்கோ, கூழ் குடிக்கிற பனையோலைப் பிளா, எவ்வளவு காலம் கண்டு என்று சிரித்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பெயருக்குக் கீழே ரஷ்மி கீறியிருந்த படத்தைப் பார்த்தார். பனையில் பாதி ஏறி நிற்கிற மனிதர், வெள்ளைச் சட்டை, இடுப்பில் கத்திப்பெட்டி, இரண்டு காலையும் சேர்த்துப் பிணைத்த தளநார், தோளில் கள்ளு முட்டி, முகம் மட்டும் அச்சு அசல் உன் அப்பாவின் முகம். அவர் போத்தலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திரும்பவும் போத்தலைப் பார்த்தார். இது ஆர் என்று கேட்டார். கஜானிதான், இங்கே பிறந்த பிள்ளை, ஒரு சூதும் தெரியாமல், அது எங்கட அப்பப்பா, மரமேறிக் கள்ளுச் சீவினவர், அண்ணா ஊருக்குப் போய்ப் பெரியப்பாவிட்டை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவர் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு தேத்தண்ணி வந்தது. அவர்களுக்குப் பீங்கான் கோப்பை, எங்களுக்குக் கடதாசிக் கப். கஜானி ஒன்றும் விளங்காமல் குடித்தாள். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், ஆறிப்போகும்வரை வாயில் வைக்கவில்லை.

அடுத்த கிழமை திலக்சனின் அம்மா போன் எடுத்தா. சாதகம் சரிவரேல்லையாம். சரிவருகிறது என்று சொன்ன அதே ஐயர்தான் இப்போது சரிவராது என்கிறாராம், என்ன அதிசயமடா இது! பெடியன் பிறகு தனியாக எடுத்து, எனக்கு ஒண்டுமில்லை, அம்மா அப்பாவை எதிர்க்க ஏலாமக் கிடக்கு என்றானாம். கஜானி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழும்பிப் போகிறாள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிறவள் ஒருநாள் தமிழில் கேட்டாள், அம்மா, நாங்கள் ஆர் என்று. நான் அவளுக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டேன் யசி. கோயிலிலும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமையில் அப்பாதானே அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிறவர், இந்த முறை போனபோது, அண்ணை, நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள், பொடியள் செய்வாங்கள் என்று கையிலிருந்த கத்தியை வாங்கிவிட்டார்களாம். அதோடு அவர் கோயிலுக்கும் போகிறதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லையென்று நினைக்காதே, நிறைய இருக்கிறது. ஊரில் பெரியப்பாவோடு இருந்து ஓலையை மடித்துப் பிளா கோலப் பழகினாய், ஓலைப் பெட்டி முடையப் பழகினாய், இப்போது கொடியைக் கம்பியில் கட்டுவதும் அவர் காட்டிய நார் முடிச்சால்தான், பழம் பிடுங்குகிற ஆட்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறாய் என்று ரஷ்மி சொன்னாள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கட ஆக்கள் கையால செய்ததை எங்கட போத்தலில போட எனக்கென்ன வெட்கம் என்று நீ கேட்டாய். உனக்கு வெட்கமில்லை ராசா, நீ அந்தக் காலத்தில் ஊர் ஒழுங்கைகளில் நடக்கவில்லை. அப்பா நடந்தவர். இவ்வளவு காலமும் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் சிரித்து மழுப்பி, உங்கள் இரண்டு பேரையும் அந்த வாசம் படாமல் வளர்த்தவர். நீ கொண்டுபோய் அவர் முகத்தையே ஒட்டி வைத்திருக்கிறாய்.

இன்று காலை, அடுத்த முறை போத்தலில அடைக்க முதல் அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி அவனுக்கு எழுது என்றார். அதற்காகத்தான் எழுத இருந்தேன். இந்த இடம்வரை எழுதும்போது அவரே வந்து, சிங்குக்குக் கீழே நான் ஒளித்து வைத்திருந்த இன்னொரு போத்தலை எடுத்தார். உடைக்கப் போகிறார் என்று நினைத்து நான் எழும்பிவிட்டேன். உடைக்கவில்லை. எனக்கு எதிரே இருந்து பெருவிரலால் அந்தப் படத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, எங்கட ஐயாவுக்கு ஆர் சட்டை போட்டது என்று கேட்டார். ரஷ்மிதான் கீறினவள், மாமாவின்ரை தகப்பனுக்குக் குளிரும் எண்டு நினைச்சாளோ தெரியாது என்றேன். உனக்கு இது தெரியாது யசி, எனக்கே இன்றைக்குத்தான் சொன்னார். அப்பப்பா தோளில் ஒரு சால்வை போட்டுக்கொண்டுகூட அந்த ஒழுங்கையால் போக ஏலாதாம், அடிப்பார்களாம். அப்பா கொழும்பில் முதல் சம்பளம் எடுத்து ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். மனிதர் அதை ஒருநாளும் போடவில்லை. பயம். செத்த அன்றுதான் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்களாம், மடிப்புக்கூடக் குலையாமல் இருந்ததாம். இதைச் சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை.

கஜானிக்கு நீயே போன் எடு, அவள் கேட்டதற்கு நீயாவது பதில் சொல்லு, அவளுக்குத்தான் எல்லா நட்டமும். படத்தை எடுக்கிறதோ விடுகிறதோ, அவளோடு கதைத்துச் செய். அப்பா சொல்லச் சொன்னதை நான் எழுதிவிட்டேன், ஆனால் போத்தலை அவர் திரும்பச் சிங்குக்குக் கீழே வைக்கவில்லை. ரஷ்மிக்கு இடுப்பு நோவென்றாள், குனிந்து பாரம் தூக்க விடாதே. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, ஒரு குறையுமில்லாமல் வாழ வேண்டும் என்று அம்மா கும்பிடுகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகன். படத்தை எடுக்காமல் விட்டீர்களென்றால், ரஷ்மியிடம் சொல்லு, அந்தச் சட்டையைக் கழட்டிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா
கௌரி குணரத்தினம்