சேந்தனின் வலக்கையைத் தர மறுத்த ஓலை

நலம் சூழ்க. கடல் தன் எல்லையில் நிற்க, மழை தன் காலத்தில் இறங்க, கன்றும் கதிரும் பெருகுக. ஏழு கோபுரத் தலைநகரில் வீற்றிருந்து பதினெட்டு நாடுகளின் திறையும் வணக்கமும் பெற்றருளும் பேரரசர், வெண்குடை வேந்தர் வீரவல்லபர் திருமுன்பு, கருங்கழி நாட்டை ஆளும் வேளிர் குலத்து அரசி நீலங்கொற்றி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கொத்தளமும், யானையும் குதிரையும், மக்களும் மருமக்களும் நலமென நம்புகிறோம். எம் நாட்டில் யாவரும் நலம். எம் படைத்தலைவன் ஏனாதி சேந்தனும் நலம். அவன் வலக்கை அவன் தோளோடுதான் இருக்கிறது, இனியும் அங்கேயே இருக்கும்.

தங்கள் தூதர் நாகதத்தர் கொணர்ந்த திருமுகம் வந்தடைந்தது. முறைப்படி எழுந்து நின்று பெற்று, தலைமேல் வைத்து, பின்னர் படிக்கக் கேட்டோம். கேட்டபின் தலைமேல் வைத்ததற்காக வருந்தினோம். ஆண்டுதோறும் நடக்கும் முடிசூட்டு நாள் விழாவில் தங்களுக்கு உண்மையாயிருப்பதாகச் சூளுரைக்க வந்த எம் ஏனாதி, அரியணையை நோக்கி ஏந்திய வாளை, இறக்கலாமென்று தாங்கள் கண்ணசைக்கும் முன்பே நழுவவிட்டான் என்றும், வாள் விழுந்தால் சூள் முறிந்ததாகும் என்றும், ஆகவே தங்கள் வழக்கப்படி அவனுடைய அரசியே அவன் வலக்கையைத் துணித்து வரும் முழுநிலவுக்குள் அனுப்பவேண்டும் என்றும், தவறினால் படை வரும் என்றும் அத்திருமுகம் ஆணையிடுகிறது.

நடந்ததைத் தாங்கள் எழுதாமல் விட்ட இடத்திலிருந்து யாம் தொடங்குகிறோம். சூளுரைக்க வரும் படைத்தலைவர் ஒவ்வொருவருக்கும் முதல்நாள் மாலை தங்கள் பொற்கொல்லர் வீரவளை ஒன்றைத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே பூட்டுகிறார். மறுநாள் சூளுரை முடிந்த பிறகே அப்பூட்டு திறக்கும். எல்லா நாட்டாருக்கும் ஒரே அச்சில் வார்த்த வளை அது. இறுக்குகிறதென்று வாய் திறந்தவன் தங்கள் பரிசை இகழ்ந்தவனாவான் என்பதும் தங்கள் வழக்கமே. ஆதலால் எவரும் வாய் திறப்பதில்லை. எம் ஏனாதியோ கழியோரத்தில் பிறந்து, துடுப்பு வலித்து வளர்ந்தவன். அவன் புயம் தங்கள் அரண்மனையார் சிலருடைய தொடைப் பருமன் இருக்கும். பூட்டைச் சாத்த இருவர் நெருக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது என்றும், அப்போது அவையோர் சிரித்தனர் என்றும் அவனுடன் சென்றோர் கூறினர். விடியும்போது மணிக்கட்டு வலுவிழந்திருந்தது. நாட்டின் மானம் கருதி அவன் அதைச் சொல்லவில்லை. வாளை ஏந்தினான், வாள் விழுந்தது.

தங்கள் அரண்மனை மருத்துவர் அவனை அங்கேயே பார்த்துத் தீர்ப்பும் வழங்கியதாகத் திருமுகம் கூறுகிறது. நரம்பு கெட்டிருந்தால் கை முழுவதும் செயலற்றிருக்கவேண்டும் என்றும், இவனோ மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தவுடன் விரல்களை மடக்கிக் காவலன் கையை நெரிக்கிறான் என்றும், ஆகவே இது நடிப்பே என்றும் அவர் மொழிந்தாராம். கைக்கு ஒரே நரம்புதான் என்று எண்ணிக்கொண்டிருப்பவரிடம் தாங்கள் நாள்தோறும் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வது பெருந்துணிச்சல், அதை வியக்கிறோம்.

எம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் அவையில் அதைச் சொல்லிச் சிரிப்பதையும், எம்மைக் கட்டுத்துணி அரசி என்று அழைப்பதையும் அறிவோம். கருங்கழி அரியணையில் ஏறுவோர் எவராயினும் அதற்குமுன் புண்மனையில், போரில் காயம்பட்டோரைக் கிடத்தி மருந்திடும் அம்மனையில், ஊழியம் செய்தே ஆகவேண்டும். எம் இளமை அங்கேதான் கழிந்தது. எமக்கு அங்கே பாடமாய் வந்து கிடந்தவர்கள் எவர் என்று தெரியுமா? தங்கள் வடபுலப் போருக்கென்று தாங்கள் கேட்டவுடன் எம் தந்தையார் அனுப்பிவைத்த எம் ஊர்ப் பிள்ளைகள். இன்ன இடத்தில் வேல் பாய்ந்தவனுக்கு இன்ன விரல் அசையாமல் நின்றது, இன்ன இடத்துத் தோல் உணர்விழந்தது என்று ஒவ்வொருவனாய்ப் பார்த்துக் கற்றோம். அவர்களில் பலர் இன்றும் இடக்கையால் உண்கிறார்கள். இதைச் சொல்லும்போது எமக்குச் சினம் பொங்குகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆகவே கேட்டருள்க. கழுத்தின் முதுகெலும்பிலிருந்து வேர்களாய்ப் புறப்படும் நரம்புகள், அக்குளில் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. தோளை உயர்த்துவதற்கும் முழங்கையை மடக்குவதற்கும் தனித்தனி நரம்புகள் உண்டு. அவற்றின்மேல் இங்கு வழக்கில்லை. அவை போக, கைத்தலத்தை ஆள்பவை மூன்று. முதலாவதைப் புண்மனையில் பிடி நரம்பு என்போம். அது கையின் உட்பக்கமாய் நடுவே இறங்கி, விரல்களை மடக்குவதில் பெரும்பங்கு ஏற்று, கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொணர்ந்து, உள்ளங்கைப் பக்கத்தில் கட்டைவிரல் தொட்டு மோதிரவிரலின் பாதிவரை தொடுவுணர்வு தருகிறது. அடுத்தது விரி நரம்பு. அது முழங்கையின் உட்புற முட்டுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடி, விரல்களை விரித்தும் சேர்த்தும் வைத்து, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் மறுபாதிக்கும் உணர்வூட்டுகிறது. இதில் ஐயமிருந்தால் தங்கள் முழங்கையை அரியணைக் கைப்பிடியில் ஒருமுறை இடித்துப் பார்த்தருள்க. சுண்டுவிரல்வரை சுரீரென்று இறங்கும், கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியாது. மருத்துவரையும் உடன் இடித்துக்கொள்ளச் சொல்லலாம்.

மூன்றாவது ஏந்து நரம்பு. இவ்வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. அது அக்குளிலிருந்து பின்புறம் சென்று, முழங்கையை நீட்டும் தசைக்கு உரியதை மேலேயே கொடுத்துவிட்டு, அதன்பின் புயத்து எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் வெளியிலிருந்து அழுத்தினால் எலும்புக்கும் அழுத்துவதற்கும் நடுவே அது சிக்கிக்கொள்ளும். பின்னர் முன்கையில் இறங்கி மணிக்கட்டை நிமிர்த்துவதும், விரல்களை நீட்டுவதும், கட்டைவிரலைத் தூக்குவதும் அதன் வேலை. புறங்கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தோலும் அதன் ஆளுகையே. வாளை ஏந்திய கை நிமிர்ந்து நிற்பது இந்த ஒரு நரம்பால்.

சேந்தன் ஊர் திரும்பியவுடன் அவன் கண்ணைக் கட்டி யாமே சோதித்தோம். முழங்கையை நீட்டச் சொன்னோம். முழு வலிமையோடு நீட்டினான். மணிக்கட்டு தொங்கியது, நிமிரவில்லை. விரல்களும் நீளவில்லை. மணிக்கட்டை யாம் தாங்கிப் பிடித்ததும் எம் விரல்களை அவன் நெரித்த நெரிப்பில் மோதிரம் சதையில் பதிந்துவிட்டது. கோழியிறகின் நுனியால் கை முழுவதும் தொட்டோம். புறங்கையின் அந்தச் சிறு இடத்தில் தொட்டது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. நடிப்பவன் கை முழுவதும் மரத்ததென்றுதான் நடிப்பான். எந்த இடம் மரக்கவேண்டும் என்று தங்கள் மருத்துவருக்கே தெரியாதபோது, துடுப்பு வலித்தவன் அதை எங்கே கற்று நடித்தான்?

முழங்கையின் வலிமை பிழைத்து மணிக்கட்டு மட்டும் விழுந்ததென்றால், நரம்பு நெரிபட்டது எலும்பைச் சுற்றும் அந்த இடத்தில்தான். அங்கே கன்றிய தடம் ஒன்று புயத்தைச் சுற்றி இன்னும் நிற்கிறது. அதன் அகலம் தங்கள் வீரவளையின் அகலம். ஆகவே வேந்தே, வாளை விழச்செய்தது எம் ஏனாதியின் நெஞ்சமன்று, தங்கள் பரிசு. அதற்குக் கை ஒன்று துணிக்கப்பட்டே ஆகவேண்டுமெனில், அது எவருடைய கை என்று தங்கள் அவையே ஆராய்ந்து சொல்லட்டும். காலை மடித்து நெடுநேரம் வீற்றிருந்து எழும்போது தங்கள் பாதம் மரத்துத் தடுமாறியதை யாமே நேரில் கண்டிருக்கிறோம். முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பை வளைந்து செல்லும் நரம்பு நசுங்கினால் அப்படி வரும். அன்று எவரும் அந்தப் பாதத்தின்மேல் இராசத்துரோகம் சாற்றவில்லை. சேடியர் இருவர் பிடித்துவிட்டனர், அவ்வளவே.

எம் அவையில் நடந்ததையும் ஒளிக்காமல் உரைக்கிறோம். அமைச்சர் விடங்கனார், நாட்டின்மேல் அன்பும் தங்கள்மேல் அச்சமும் உடையவர், சுடுகாட்டில் கிடைக்கும் கையொன்றை உப்பிட்டு அனுப்பிவிட்டால் தங்களுக்கு வேறுபாடு தெரியாதென்று எம் காதோடு சொன்னார். தெரியாதுதான். ஆயினும் எவன் கையை அனுப்பினாலும் இல்லாத குற்றத்தை ஒப்பியதாகும் என்று மறுத்தோம். பிறகு சேந்தனே வந்தான். தன் ஒரு கைக்காகக் கழியோரத்து ஊர்கள் எரியவேண்டாமென்றும், தயங்காமல் வெட்டிவிடும்படியும் எம் முன் அமர்ந்து கையை நீட்டினான். நீட்டிய கை தொங்கியது. அவனை வாயார வைதோம், வைதுகொண்டே அழுதோம். நெரிபட்ட நரம்பு நாளடைவில் மீளும், துணித்த கை மீளாது, மீளக்கூடியதை வெட்டுவதற்குப் புண்மனை எம்மைப் பழக்கவில்லை என்று அவனிடம் சொன்னதையே தங்களிடமும் சொல்கிறோம்.

அதன்பின் மூங்கிற் பத்தை ஒன்றைச் சீவி, பஞ்சு வைத்து, மணிக்கட்டு நிமிர்ந்தே நிற்கும்படி கட்டினோம். அப்படி நிமிர்த்திக் கட்டிய கையில் பிடி நரம்பும் விரி நரம்பும் தம் பணியைச் செய்கின்றன. அவன் தன் சோற்றைத் தானே அள்ளி உண்கிறான். சில நாட்களாய்க் கட்டை அவிழ்க்கும்போது மணிக்கட்டு தானாகவே எழுகிறது. விரற்கடை அளவுதான், ஆயினும் எழுகிறது. அதைக் கண்ட அன்று எமக்கு உண்டான மகிழ்ச்சி முடிசூடிய அன்றுகூட உண்டாகவில்லை.

தூதர் நாகதத்தர் எம் விருந்தினர் மாளிகையில் சுகமாயிருக்கிறார். கழிமீன் குழம்பு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்றென்று மடைப்பள்ளியார் சொல்கின்றனர். அவரை இவ்வோலையோடு மரியாதை குறையாமல் வழியனுப்புகிறோம். படை வருமானால் வருக. கழிமுகத்து அடையாளக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டோம். எங்கே ஆழம், எங்கே சேறு என்பதை எம் மக்கள் அறிவர், தங்கள் கலங்கள் அறியா. எம் படை சிறிது. தோற்கவும் கூடும் என்பதை அறிந்தே இதை உரைக்கிறோம். தோற்ற பிறகும் எம் நாட்டுக் கத்தி எதுவும் அவன் கையைத் தொடாது.

வேந்தர் செய்யத்தக்கது இது. தீர்ப்பைத் திரும்பப் பெற்று, அவையோர் சிரித்த அதே மண்டபத்தில் அதை உரக்கப் படிக்கச் செய்க. அடுத்த விழாவுக்கு வரும் மற்ற நாட்டுப் படைத்தலைவருக்கு அவரவர் புயத்தை அளந்து வளை செய்விக்க. அவர்களில் இன்னும் எத்தனை பேர் வாய் திறவாமல் கையை இழந்துகொண்டிருக்கின்றனரோ அறியோம். இவை நடக்கும்வரை கருங்கழியிலிருந்து திறையும் வாராது, சூளுரைக்க ஆளும் வாரான்.

வளர்பிறை எட்டாம் நாள், புண்மனை முற்றத்தில் அமைச்சரும் ஊராரும் அறிய யாம் வாய்மொழிந்து, கழிநாரை முத்திரை பதித்த ஆணை இது. இந்த நாட்டில் நீர் ஏறி வடியும் காலம்வரை இது மாறாது.

அரசியார் சொல்லச் சொல்ல இவ்வோலை எழுதினேன், கருங்கழி நாட்டு ஏனாதி சேந்தன். எழுத்து கோணியிருப்பின் பொறுத்தருள்க. தாங்கள் கேட்ட வலக்கையின் எழுத்து இது.