பழுப்பு அட்டையில் உன் அண்ணன் பெயர்

சென்ற வாரம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில், மழைக்கு ஒதுங்க மகள் என்னை ஒரு பேரங்காடிக்குள் அழைத்துப் போனாள். நீயும் நானும் சிறுமிகளாக வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம்தான். அங்கே ஒரு புத்தகக் கடை. வாசலிலேயே அந்த வாடை வந்தது. மட்டமான காகிதம், எண்ணெய்ப் பிசுக்குள்ள மை, கொஞ்சம் ஈரம். எழுபது வருஷமாக நான் முகராத வாடை. கண்ணாடித்தாள் உறையிலிருந்து யாரோ ஒரு பழைய படக்கதைப் புத்தகத்தை வெளியே எடுத்து மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள். அட்டையில் போர்வை பறக்க ஒருவன் கட்டடத்துக்கு மேலே நின்றான்.

கடைப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கையில் பச்சை குத்தியிருந்தாள். நிமிர்ந்துதான் நின்றாள், அதனால் மன்னித்தேன்.

"பேரப்பிள்ளைக்கா ஆன்டி?"

"எனக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. "முன்ன படிச்சிருக்கீங்களா?"

"பதினான்கு புத்தகம்."

"அப்ப நீங்க சீனியர் லா" என்றாள். "புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, எது முதல் புத்தகம், எங்க ஆரம்பிக்கிறதுன்னு. முதல் புத்தகத்தைத் தேடிக்கிட்டே இருந்தா படிக்கவே மாட்டீங்க. கையில எது கிடைக்குதோ அதுல ஆரம்பிச்சிடணும்."

நான் நாற்காலி கேட்டேன். மகள் என் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பயந்து போனாள்.

அது உன் வார்த்தை. நீ இறந்து பதினோரு மாதம் ஆகிறது. யாரோ ஒரு பெண், உன்னை அறியாதவள், அதை அப்படியே என் எதிரே நின்று சொல்கிறாள். அன்றிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியதை எழுதுவது மரியாதை அல்ல. தெரியும்.

நமக்குப் பதிமூன்று வயது. ஜப்பான்காரன் வந்த வருஷம். கான்வென்டைப் பூட்டிவிட்டார்கள், நம் ஸிஸ்டர்களை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். என் அப்பா வீட்டிலிருந்த ஆங்கிலப் புத்தகங்களை எல்லாம் குளியலறை அடுப்பில் போட்டு எரித்தார். வெந்நீர் கொதித்தது. அந்த நீரில் குளிக்கமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பிறகு காலையில் ஜப்பானிய எழுத்து, கிழக்கே பார்த்துக் கும்பிடு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு. படிக்க ஒன்றும் இல்லை. மருந்துப் புட்டியின் காகிதத்தைக்கூட மூன்று முறை படித்திருக்கிறேன்.

நம் இரு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். உன் அம்மா அம்மி அரைத்தால் எங்கள் வீட்டுத் தட்டு ஆடும். அந்தச் சுவரை மூன்று முறை தட்டினால் பின்பக்கம் வா என்று அர்த்தம். அன்று தட்டினாய். வந்தேன். உன் மடியில் துணி சுற்றிய ஒரு கட்டு இருந்தது.

உன் அண்ணன் யுத்தத்துக்கு முன் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் ஏற்ற வரும் அமெரிக்கக் கப்பல்களில், படித்து முடித்த படக்கதைப் புத்தகங்களை மாலுமிகள் வீசிவிட்டுப் போவார்கள். அவர் பொறுக்கி வந்து உனக்குக் கொடுப்பார். பதினான்கு சேர்ந்திருந்தன.

நான் முகத்தைச் சுளித்தேன். "ஸிஸ்டர் சொல்லியிருக்காங்க. இதெல்லாம் கசாப்புக் கடைக்காரன் படிக்கிறது."

"கசாப்புக் கடையை மூடி எட்டு மாசம் ஆச்சு. இப்ப நாம படிக்கலாம்."

"சரி, முதல் புத்தகத்தைக் கொடு."

"முதல் புத்தகம் கப்பல்லயே போயிருச்சு. இது ஒன்பதாவது. இந்தா."

"நடுவிலேருந்து எப்படிடி படிக்கிறது?"

"நீ பொறந்தப்ப உலகத்துல முதல் பக்கமா ஓடிக்கிட்டு இருந்துச்சு? கையில எது கிடைக்குதோ அதுல ஆரம்பி. மூணு பக்கம் புரியாது. புரியாமலே படி. நாலாவது பக்கத்துல அவங்களே சொல்லிருவாங்க, யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு."

எனக்குப் புரியாமல் படித்துப் பழக்கமில்லை. வரி வரியாக எழுத்தை மட்டும் படித்துக்கொண்டு போனேன். நீ என் தலையில் தட்டினாய். "படத்தைப் பாருடி. எழுத்து ஓடிப் போகாது. முதல்ல பக்கம் பூரா படத்தைப் பாரு, அப்புறம் மேல இருக்கிற பேச்சு, அப்புறம் கீழ இருக்கிற பேச்சு. பேச்சுக் கட்டத்தோட வால் யாரு வாய்க்குப் போகுதோ அவன் பேசுறான். வால் இல்லாம குமிழ் குமிழா இருந்தா மனசுக்குள்ள பேசுறான்."

இன்னொன்றும் சொன்னாய். "ஒருத்தனையே பிடிச்சுக்கிட்டுப் போ. பத்துப் பேரு பின்னாடி ஓடினா யாரும் மனசுல நிக்க மாட்டான்." ஆகவே போர்வைக்காரனைப் பிடித்துக்கொண்டோம். நாம் அவனுக்கு வைத்த பெயர் அது. பகலில் அவன் தபால் பிரிக்கிற சாதாரண ஆள். யாரும் அவனை மதிக்கமாட்டார்கள். ஆபத்து என்றால் சட்டையைக் கழற்றி எறிவான், உள்ளே வேறு உடை. எனக்கு அவன் சண்டை போடும் பக்கங்கள் பிடித்தன. உனக்கு அவன் தபால் பிரிக்கும் பக்கங்கள். "ஜெயிப்பான்னு தெரிஞ்சதுதானே. அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சும்மா இருக்கான் பாரு, அதுதான் கதை" என்றாய். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உன்னோடு எதையும் சுலபமாக ஒப்புக்கொண்டதில்லை.

உன் அண்ணன் மரவள்ளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே நம்மைக் கிண்டல் செய்வார். என் கான்வென்ட் மிடுக்குக்கு அவர் வைத்த பெயர் மிஸ்ஸி. "என்ன மிஸ்ஸி, போர்வைக்காரன் இன்னைக்காவது வந்து ஜப்பான்காரனை விரட்டுவானா?"

"அவனுக்கு இந்த ஊருக்கு வழி தெரியாதுண்ணே."

"நான் போர்ட்ல எத்தனை கப்பல் பாத்திருக்கேன். ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருக்கலாம்."

இப்போது நான் செய்ததை எழுதுகிறேன்.

சில மாதங்களில் அந்தப் புத்தகங்கள் கந்தலாகிவிட்டன. கம்பி துருப்பிடித்து, ஓரம் மடங்கி. கிழிந்த புத்தகத்தைக் கையில் வைத்திருப்பது கான்வென்டில் அபராதத்துக்குரிய குற்றம். நான் ஏழு புத்தகங்களை வாங்கிப் போனேன். அப்பாவின் அலுவலகப் பழுப்புக் காகிதத்தை வெட்டி, மூலை மடித்து, கிழங்குமாவுப் பசையால் ஒட்டி அட்டை போட்டேன். இரவல் வாங்கிய புத்தகத்தில் சொந்தக்காரர் பெயர் இருக்க வேண்டும். அதுவும் விதி. வெள்ளைச் சீட்டு ஒட்டி, என் அழகான சாய்வெழுத்தில், உன் அண்ணன் முழுப்பெயரும் உங்கள் வீட்டு எண்ணும் எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண்ணும் போட்டேன்.

நீ பார்த்ததும் உன் முகம் போன போக்கு நினைவிருக்கிறது.

"எதுக்குடி பேரு?"

"அடுத்தவங்க சாமான். பேரு இருக்கணும்."

"பைத்தியம். ஜப்பான்காரனுக்குப் பயந்து எல்லாரும் பேரைச் சுரண்டிக்கிட்டு இருக்காங்க, நீ எழுதுற." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆறு சீட்டையும் நகத்தால் கிழித்தாய். ஏழாவதை நான் படித்து முடிக்கவில்லை. அது என் வீட்டு அலமாரியில் இருந்தது. நாளைக்குத் தருகிறேன் என்றேன். என் எழுத்தைக் கிழித்துவிட்டாய் என்ற கோபத்தில், நான்கு நாள் தரவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். வரிசையாக வீடு வீடாக, ரேடியோ இருக்கிறதா என்று. எங்கள் வீட்டுக்குள் இரண்டு சிப்பாய்களும், மொழிபெயர்க்க ஒரு தமிழரும். அப்பா கைகளைத் தொங்கவிட்டு நின்றார். நான் எதையும் ஒளித்து வைத்துப் பழகாதவள். புத்தகம் அலமாரியில் நேராக நின்றது. சிப்பாய் பழுப்பு அட்டையைத் திறந்தான். உள்ளே சிவப்பும் நீலமுமாக அமெரிக்காக்காரன் அச்சு. 

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். அவர் குரலை இன்றும் கேட்கிறேன். மெதுவான குரல். "உன்னோடதா பாப்பா? படம் பாக்க வச்சிருக்கியா? சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமான்தானே?" என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரே எடுத்துக் கொடுத்தார். தலையை ஆட்டியிருந்தால் போதும். ஒரு அறை விழுந்திருக்கும், புத்தகத்தைக் கிழித்து வீசியிருப்பார்கள். அப்படித்தான் மூன்றாம் வீட்டில் நடந்தது.

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "என்னுடையது இல்லை. இரவல். பெயர் எழுதியிருக்கிறது, பாருங்கள்."

பொய் சொல்லவில்லை என்று அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடமும்.

அமெரிக்கப் புத்தகம், துறைமுகக் கிராணி. இரண்டையும் சேர்த்து உளவு என்று கணக்குப் போட்டார்கள். உன் அண்ணனைக் கூட்டிப் போனபோது நான் பலகைச் சுவரின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உங்கள் வீட்டில் சத்தமே இல்லை. அதுதான் என்னை விரட்டுகிறது. உன் அம்மா அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

பிறகு அவரைச் சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. நீங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஜெஞ்சாரோம் பக்கம் உறவினர் தோட்டத்துக்குப் போனீர்கள். போகும்போது சுவரை மூன்று முறை தட்டினாய். நான் வரவில்லை.

நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். நீ ஸ்டேஷனுக்கு வந்தாய். நான் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றேன். எலும்பும் தோலுமாக இறங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் நீ அவர் பெயரைச் சொல்லிக் கேட்டாய். நான் எழுதிய அதே முழுப்பெயர். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, ஒருவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கிராணியா? வாந்திபேதியில போயிட்டாரும்மா. நல்ல மனுஷன். மத்தவங்களுக்குக் கடுதாசி எழுதிக் குடுப்பாரு." நீ அவருக்கு இன்னொரு குவளை ஊற்றச் சொன்னாய். ஊற்றினேன்.

அதற்குப் பின் அறுபது வருஷத்துக்கு மேல் நாம் தோழிகள். நீ கிள்ளானில் நர்ஸ், நான் ஆசிரியை. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ஒன்றாகப் போனோம். என் கணவர் இறந்தபோது மூன்று வாரம் என்னோடு தங்கினாய். உனக்குத் தெரியுமா தெரியாதா என்று ஒவ்வொரு முறையும் உன் முகத்தைப் படித்தேன். நீ கிண்டல் செய்தாய், தேநீரில் சீனி அதிகம் போட்டாய். ஒன்றும் தெரியவில்லை. சுவர் வழியே அந்தச் சமயம் எதுவும் கேட்டிருக்காது, உன் அம்மா அம்மி அரைத்துக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். தலையணை கோணலாக இருப்பதாக நர்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டே பேசினாய்.

"அன்னைக்கு நீ சொன்னது பூரா கேட்டுச்சுடி."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஸிஸ்டர் கேள்வி கேட்டா எழுந்து நின்னு பதில் சொல்வியே, அதே மாதிரி. எழுத்துத் தமிழ்ல. அண்ணன் சிரிச்சிட்டான். 'மிஸ்ஸியைப் பாரு'ன்னான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "பின்கதவு திறந்துதான் இருந்துச்சு. அம்மா அவனைப் பிடிச்சுத் தள்ளினாங்க, சத்தம் வராம ஓடு ஓடுன்னு. அவன் போகலை. 'நான் ஓடினா அந்தப் பிள்ளை பொய் சொல்லிருச்சும்பானுங்க. அவங்க அப்பாவைப் பிடிப்பானுங்க'ன்னு சொல்லிட்டுச் சட்டையைத் தேடினான்."

"நீ என்ன செய்தாய்?"

"கொடியில காஞ்சது. நான்தான் எடுத்துக் குடுத்தேன். பட்டன் ஒன்னு போடாம விட்டிருந்தான், போட்டும் விட்டேன். குடுக்காம இருந்திருக்கலாம்ல? தேடிக்கிட்டே இருந்திருப்பான். அம்மா இன்னொரு தள்ளு தள்ளியிருப்பாங்க." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "இதை யாருகிட்டயும் சொன்னதில்லை."

உன் முறை முடிந்தது. என் முறைக்காகக் காத்திருந்தாய். எழுபது வருஷம் சுமந்ததை நீ எடுத்து வைத்தாயே, பக்கத்தில் என்னுடையதை வைக்க 'அன்று எனக்குப் பெருமையாக இருந்தது' என்ற ஒரு வாக்கியம் போதும். நான் தலையணையை நேராக்கினேன். சூப் ஆறிப்போகிறது என்றேன். மறு வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். மறு வாரம் உன் மகன் போன் செய்தார்.

இப்போது தினமும் காலையில், குளித்து முடித்து, கண்ணாடி முன் நின்று அதைச் சொல்லிப் பார்க்கிறேன். "ஆமாங்க, என்னோடதுதான். படம் பாக்க வச்சிருந்தேன்." கொஞ்சம் பயந்த குரலில், பதிமூன்று வயதுக் குரலில். அந்த மொழிபெயர்ப்பாளர் நம்பியாக வேண்டும், சிப்பாய் சலித்துக்கொண்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் போக வேண்டும். வார்த்தை எல்லாம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து நின்றே சொல்கிறேன். யார் கேட்டாலும் பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.