சேவை விருந்து

முடிச்சூர்
செவ்வாய்க்கிழமை

குழந்தை ஸ்ம்ருதிக்கு, அப்பா அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், எனக்கு முழங்காலைத் தவிர, அவளுக்கு என்னைத் தவிர, வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை. ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளை ராகவேந்திராவும் ஜலதோஷம் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், வெறும் நம்பிக்கைதான், போட்டோவில் பார்த்தால் நீ பாதியாகிவிட்டாய். நம் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஸ்கூட்டரைப் பிள்ளையார் கோயில் வாசலில் விட்டுவிட்டு நடந்து வருகிறேன், மழைக்குள் மூடிவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறோம். எதிர்வீட்டுக் கிட்டுவின் பெண் அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறாள், அவள் பெட்டியில் மோர்மிளகாயும் உப்பு நாரத்தங்காயும் போகிறது, இந்தக் கடிதத்தையும் அதோடு வைக்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் திருத்திக்கொண்டே இருப்பாள். கணக்கு வாத்தியாரம்மாவைக் கட்டிக்கொண்டவன் எழுதினால்தான் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியும்.

போன வாரம் அவள் அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து, அம்மா ஏம்ப்பா இப்படி சுரத்தே இல்லாம இருக்கா, விருதெல்லாம் வாங்கி நல்லபடியாத்தானே ரிட்டயர் ஆனா என்று கேட்டாய். நான் ஒன்றும் இல்லை என்று மழுப்பிவிட்டேன். இருந்தது. இன்று காலையில்தான் அது தீர்ந்தது, அதனால்தான் கையோடு பேனாவை எடுத்தேன். அவளுடைய பஸ் வகுப்பு உனக்குத் தெரியும். வண்டலூர் தாண்டி இருக்கிற யுனிவர்சிட்டிக்கு நம் தெருமுனையிலிருந்து ஏழாம் நம்பர் பஸ்ஸில் போவாள், ஏறினதிலிருந்தே, பெருங்களத்தூரில் பஸ் நகராமல் நிற்கிற நேரத்திலும், முதல் வருஷத்தில் கணக்கைக் கண்டு மிரள்கிற பிள்ளைகளை முன்சீட்டுக்குக் கூப்பிட்டு, எஞ்சின் மூடிமேல் ஒரு சிலேட்டைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்துவாள். அநேகமாகத் தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள். டிரைவர் துரைராஜ் பாடம் நடக்கும்போது பாட்டை நிறுத்துவான், அதைவிடப் பெரிய காரியம், ஹாரனில் கை வைக்க மாட்டான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹாரன் அடிக்காத பஸ் என்றால் வேறு ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பின்னால் வருகிறவன் திட்டுவானே என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, மேடம் பாடம் எடுத்துகினு கீறாங்க சார், எவன் திட்டினா எனக்கு இன்னா என்று சொன்னான்.

மார்ச் மாதம் அவர்கள் நிறுவனர் நாளில் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் விருது தருவதாக அறிவித்தார்கள். கற்பித்தலுக்கு ஒன்று, ஆராய்ச்சிக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று. கற்பித்தலில் உன் அம்மா பெயர் இல்லை. சேவையில் இருந்தது, ஆசிரியர் தரப்பில் அவள், ஊழியர் தரப்பில் துரைராஜ், இரண்டு பேருக்கும் அந்த பஸ் வகுப்புக்காகத்தான். நான் சந்தோஷத்தில் பாதாம் அல்வா வாங்கி வந்தேன், அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. நீயும் போனில், போய் வாங்கிண்டு வாம்மா, எந்த விருதா இருந்தா என்ன என்று சொன்னாய், அன்று அவள் உன்னோடு சரியாகப் பேசாததற்குக் காரணம் அதுதான், மனதில் வைத்துக்கொள்ளாதே. விருது பெரிதா சின்னதா என்பது இல்லை அவள் வருத்தம். அந்த வகுப்பை டைம்டேபிளில் சேருங்கள், பஸ்ஸிலேயே நடக்கட்டும், ஆனால் பாடம் என்று ஒரு வரி எழுதி ஓர் ஆசிரியர் பெயரைப் போடுங்கள் என்று அவள் வருஷாவருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பதிலாக ஷீல்டு கொடுக்கிறார்கள். நான் சேவையா பண்ணினேன், பாடம்னா எடுத்தேன் என்றாள். சேவைன்னு சொல்லிட்டா அது என்னோட நல்ல மனசு ஆயிடறது, மே மாசம் நான் கிளம்பினா அதுவும் என் பின்னாலேயே வந்துடும், பாடம்னாதான் அங்கேயே இருக்கும். அதோடு இன்னொன்றும் சொன்னாள், அந்தக் குழந்தைகள் ஃபீஸ் கட்டிப் படிக்க வந்திருக்கா, யாரோ இரக்கப்பட்டுச் சொல்லிக் கொடுத்ததா ஏன் மேடையில் சொல்லணும் என்று. அல்வாவை நானே தின்றேன்.

விழாவுக்குப் போவதில்லை என்று தீர்மானமாக இருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் துரைராஜ் வீட்டுக்கு வந்தான். புதுச் சட்டை தைத்திருக்கிறானாம், அவன் பெண்டாட்டி பொன்னியம்மாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டாளாம். உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நீங்க வரலேன்னா நான் மட்டும் அங்க போய் இன்னா மேடம் பண்றது, வண்டி ஓட்டினேன், அவ்ளோதான், பாடம் நடத்தினது நீங்க என்றான். பாடம் என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் போனாள் என்று நினைக்கிறேன். மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் மேடை ஏறி, சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஷீல்டை ஃபிரிஜ் மேலே சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். எனக்கு மனசு கேட்கவே இல்லை.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன், அது வினையாகிவிட்டது. காலனி வாட்ஸப் குரூப்பில், ஞாயிறு மாலை நம் வீட்டில் நாகலக்ஷ்மியின் சேவை விருதைக் காண அனைவரும் வருக என்று போட நினைத்தேன். நாலு பேர் வந்து பாராட்டினால் ஷீல்டு இந்தப் பக்கம் திரும்பாதா என்று ஓர் ஆசை. கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுக்கொண்டு தட்டினேன். இந்தப் போன் இருக்கிறதே, பாதி எழுதும்போதே மீதியை அதுவாக எழுதிவிடுகிறது. ஞாயிறு மாலை நம் வீட்டில் நாகலக்ஷ்மியின் சேவை விருந்து, அனைவரும் வருக என்று போய்விட்டது. கால்மணி நேரத்தில் கிட்டு போன் செய்து, எலுமிச்சைச் சேவையா தேங்காய்ச் சேவையா, மோர்க்குழம்பு உண்டா என்று கேட்டான். அந்தக் காலனி குரூப்பில்தான் ஏஞ்சலும் இருக்கிறாள். உனக்கு ஞாபகம் இருக்கும், முதல் செமஸ்டரிலேயே காலேஜை விட்டுவிடுகிறேன் என்று பஸ்ஸில் அழுத பெண், அங்கேயே படித்து முடித்து இப்போது அம்மாவின் டிபார்ட்மெண்டிலேயே ஆசிரியை. அவள் அதை அப்படியே டிபார்ட்மெண்ட் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள். ஹெச்.ஓ.டி. அப்பாதுரை சார் கண்டிப்பாக வருகிறேன் என்று கைகூப்பிய படம் போட்டார். நான் பயந்துபோய் உன் அம்மாவிடம் காட்டி, அழித்துவிடட்டுமா என்றேன். அவள் இரண்டு தடவை படித்தாள், பிறகு சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள், அந்த மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அழிக்காதேள், இதான் சரியா வந்திருக்கு, புழுங்கலரிசி வாங்கிண்டு வாங்கோ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நம் வீடு கல்யாண வீடாகிவிட்டது. மாவுருண்டை ஆறுவதற்குள் பிழிய வேண்டும், எனக்கு இரண்டு ஈட்டிலேயே தோள் போய்விட்டது, துரைராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சேவை நாழியைப் பிடித்தான், பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டி சார் இது என்றான். சுற்றிக்கொண்டே, இடியாப்பம்தானே சார் இது, அதுக்கு ஏன் இவ்ளோ ரகளை என்று கேட்டுத் தொலைத்தான். கிட்டு எழுந்து நின்று சேவைக்கும் இடியாப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினான், ஒருவரும் கேட்கவில்லை. அப்பாதுரை சார் நல்ல மனிதர், ரசித்துச் சாப்பிடுகிறவர். மூன்றாம் தடவை தட்டை நீட்டும்போது, மேடம், உங்க சேவையை யுனிவர்சிட்டி மறக்கவே மறக்காது என்றார். உன் அம்மா கரண்டியோடு அவர் முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை, இதுதான் சார் சேவை, உங்க தட்டில இருக்கு, பஸ்ல நடந்தது பாடம் என்றாள்.

சார் சிரித்தார், வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்போது ஏஞ்சல், கையில் தட்டோடு, அவளுக்கு அவர் மேலதிகாரி என்பதை மறந்தே போய்விட்டாள் போலிருக்கிறது, சார், நான் அந்த பஸ்லதான் சார் படிச்சேன், எனக்கு யாரும் சேவை பண்ணல, மேடம் என்னைத் திட்டினாங்க, ஹோம்வொர்க் குடுத்தாங்க, தப்பா போட்டா திரும்பப் போட வெச்சாங்க, சேவை பண்றவங்க அப்டியா சார் பண்ணுவாங்க என்றாள். அடுத்த வருஷம் நானே எடுக்கிறேன், டைம்டேபிள்ல மட்டும் போட்டுக் குடுங்க என்றும் கேட்டாள். அவர் பார்க்கலாம் என்றார். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

மே மாதம் அம்மா ரிட்டயர் ஆனாள், மாலை, சால்வை எல்லாம் முடிந்தது. ஆடியிலும் செய்தி இல்லை. புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். துரைராஜ் நம் தெருமுனையைத் தாண்டும்போது தினமும் மேடத்துக்கு வணக்கம் சொல்வதுபோல ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போவான். அவனைப் பொறுத்தவரை அது மரியாதை. உன் அம்மாவுக்கோ, பஸ்ஸில் பாடம் நடக்கவில்லை என்று தினமும் யாரோ வந்து சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. சத்தம் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நீ வீடியோவில் பார்த்த சுரத்தில்லாத முகம் அதுதானம்மா. அவனிடம் அடிக்காதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நேற்று சாயங்காலம் ஏஞ்சல் போனில் ஒரு படம் அனுப்பினாள், புது டைம்டேபிள். பாடம், அடிப்படைக் கணிதம். ஆசிரியர், ஏஞ்சல். இடம், ஏழாம் நம்பர் பஸ். அப்பாதுரை சார் எங்கெங்கோ அலைந்து கையெழுத்து வாங்கியிருக்கிறார், அந்தச் சேவைக்கு அவருக்குத்தான் ஒரு விருது கொடுக்க வேண்டும். உன் அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, போட்டா போறுமா, நடக்கணும் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இன்று காலை செடிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று கேட் அருகே போய் நின்றாள், ராத்திரி மழையில் தொட்டியெல்லாம் ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. நானும் பேப்பரை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. தெருமுனையில் நின்று ஏஞ்சலையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டது. தோண்டிப் போட்ட மண்ணுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றது, யாராக இருந்தாலும் ஹாரன் அடித்திருப்பார்கள். துரைராஜ் எங்களைப் பார்த்தான், ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் இறக்கினான், ஹாரன் அடிக்கவில்லை. பஸ் சத்தமில்லாமல் போய்விட்டது. அம்மா குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள். ஹாரன் அடிக்கலை, கவனிச்சேளா என்றாள். கவனித்தேன் என்றேன். கிளாஸ் ஆரம்பிச்சாச்சு என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒரு தடவை, கிளாஸ் ஆரம்பிச்சாச்சு என்றாள், இரண்டாம் தடவை குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான், உன்னிடம் சொல்வதற்கு என்ன. உள்ளே வந்து காபியை முழுசாகக் குடித்தாள். இதை எழுதும்போது ஃபிரிஜ் பக்கம் போய்ப் பார்த்தேன், ஷீல்டு கூடத்தைப் பார்த்து இருக்கிறது.

அடுத்த தடவை பேசும்போது ரிட்டயர்மெண்ட் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, பஸ்ஸில் என்ன பாடம் ஓடுகிறது என்று கேள், நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. குளிர் ஆரம்பித்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையிடம் ஐஸ் ரோட்டில் காரை மெதுவாக ஓட்டச் சொல். மோர்மிளகாயை ஈரக் கையால் தொடாதே. உன்னை வளர்த்தவளுக்குப் பெண்ணாகப் பிறந்ததற்கு நீயும், அவளோடு குடித்தனம் நடத்துவதற்கு நானும் கொடுத்து வைத்தவர்கள். இரண்டு பேரும் எல்லா நலமும் பெற்று ஒற்றுமையாக, சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
லக்ஷ்மிநாராயணன்