ஒரு கம்பி குறைவு

அக்டோபர் 10, வெள்ளி

பகல் முழுக்கப் புழுக்கம். மழை வரும் வரும் என்கிறார்கள், வரவில்லை. இதை வேதியியல் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இந்த நோட்டை யாரும் தொடமாட்டார்கள். அப்பா குறட்டை. அடுத்த தெருவில் தறிச் சத்தம் நின்றுவிட்டது, அதனால் பேனாச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

அண்ணன் ஓசூரிலிருந்து போன். தீபாவளிக்கு வரும்போது பழைய கேமிங் கம்ப்யூட்டருக்குப் பார்ட்ஸ் வாங்கி வருவானாம். காலேஜ் படிக்கும்போது ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து அவனே பூட்டிய பெட்டி. எட்டு வயதாகிறது.

நாங்கள் விளையாடி மூன்று வாரம். புது அப்டேட்டுக்குப் பிறகு ஆட்டம் திறக்கவே பத்து நிமிடம், திறந்தாலும் போட்டோ போட்டோவாக நிற்கிறது. முன்பெல்லாம் தினமும் எட்டு முதல் ஒன்பது வரை அவன் அங்கே லேப்டாப்பில், நான் இங்கே. ஆட்டத்துக்கு நடுவில்தான் பேசுவான். அறையில் மூட்டைப்பூச்சி, மேனேஜர் திட்டியது, சாம்பாரில் மிதந்தது என்ன, எல்லாம். இப்போது போனில் "சாப்ட்டியா, படிச்சியா" மட்டும். யாரோ பெரியப்பா பேசுவதுபோல.

எதை மாற்றுவது என்று சண்டை.
கிராபிக்ஸ் கார்டு (இனி கி.கா.): அண்ணன் கட்சி.
ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில், வேகமானது): என் கட்சி.
எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் டப்பா: அதற்கும் எட்டு வயது. பெரிய கி.கா. போட்டால் தாங்காது. இதை யாரும் யோசிக்கவில்லை.

"ஏட்டி, படம் காட்டுறது கார்டுதான. அத விட்டுட்டு ரேம வச்சு என்ன செய்ய?"

"கார்டு வாங்குனா டப்பாவும் வாங்கணும்ணே. இருக்க எட்டு ஜிபி ரொம்பி வழியுது. நான் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"பெரிய இஞ்சினியரு." சிரித்தான். "சரி, டப்பாவுலயும் பிராசஸர்லயும் என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு. எதையும் கழட்டிராத."

அப்பா சம்மதித்துவிட்டார். ஆனால் "இதான் கடைசி. இன்னொரு வாட்டி கெட்டுப்போச்சுன்னா எடைக்குப் போட்டிருவேன்" என்றார். சொன்னால் செய்வார். கிரைண்டரை அப்படித்தான் போட்டார்.

அக்டோபர் 11, சனி

வெயில். அம்மாவோடு கடைக்கு. முறுக்கு மாவு, எண்ணெய், அப்பாவுக்குப் பனியன். வழியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை, நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவைப் பார்த்துப் பதில்.

"பாப்பா கேக்குறதெல்லாம் பெரிய ஊர்ச் சாமானுல்லா. இங்கன யாரு வாங்குதா?"

பிராசஸர் நம்பரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன்.

"அது தலையிலயே அச்சடிச்சிருக்கும். மேல இருக்க ஃபேனத் தூக்குனா தெரிஞ்சிட்டுப் போகுது." ஏதோ குடத்து மூடியைத் தூக்குவதுபோலச் சொன்னார்.

அம்மா வெளியே வந்ததும், "அவரு என்னமும் திட்டுனாரா?" என்றாள். இல்லை என்றேன். "பின்ன ஏன் என் மூஞ்சியவே பாத்துட்டுப் பேசுனாரு?"

செவ்வாய் வேதியியல் டெஸ்ட். படிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

செய்துவிட்டேன்.

எழுத்து கோணல். முதலிலிருந்து எழுதினால் நேராகுமோ என்னவோ.

அப்பா, அம்மா குருவிகுளத்தில் பெரியம்மா வீட்டுக்கு. நான் டெஸ்ட் என்று சொல்லிப் போகவில்லை. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினேன். டப்பாவின் ஸ்டிக்கர்: 450 வாட். எழுதிக்கொண்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பிராசஸர் நம்பருக்கு ஃபேனின் நெம்புகோலை விடுவித்துத் தூக்கினேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். படக்கென்று வந்தது. கூடவே பிராசஸரும். சூடு கடத்த அடியில் பூசியிருந்த பசை காய்ந்து, அதில் ஒட்டிக்கொண்டு, சொருகியிருந்த குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு.

அதன் வயிற்றில் ஆயிரத்துக்கு மேல் குட்டிக் கம்பிகள். தலைமுடி கனம். ஓரத்தில் இரண்டு கம்பி மட்டும் படுத்துக் கிடந்தது.

பிறகுதான் இணையத்தில் பார்த்தேன். நம்பரைத் திரையிலேயே பார்க்கலாமாம். திறக்கவே வேண்டாமாம். ஃபேனைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்க வேண்டுமாம், பசை இளகுவதற்கு.

பிராசஸரைத் துணியில் சுற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்தேன். பலகையை மூடினேன். சாயங்காலம் அண்ணனுக்கு நம்பரையும் வாட்டையும் சொன்னேன். எப்படிப் பார்த்தாய் என்று கேட்கவில்லை.

"450தானா? அப்ப நீ சொன்னதே சரிட்டி. ரேமும் எஸ்எஸ்டியும் வாங்குதேன். கார்டு பொங்கலுக்குப் பாப்போம்."

நான் ஜெயித்துவிட்டேன். சாப்பிட முடியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மேகம். மழை இல்லை. பள்ளியில் எதுவும் காதில் ஏறவில்லை. மதியம் ஜியாமெட்ரி பாக்ஸை ஒருத்தி கேட்டாள், தரமாட்டேன் என்றேன். "ஏன், உள்ள லவ் லெட்டரா" என்றாள். பெஞ்சே சிரித்தது.

வீட்டில் அம்மா: "ஏன் கோமு, ரெண்டு நாளா கம்ப்யூட்டர் பக்கமே போகல?"

"ஆன் ஆகலம்மா."

இது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

"அப்பாகிட்டச் சொல்லிராத" என்றேன். அவள் சொல்லவில்லை. திங்கள்கிழமை என்பதால் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து, அங்கே பிரசாதமாகத் தரும் புற்று மண் பொட்டலத்தைப் பிரித்தாள். எங்கள் வீட்டில் காய்ச்சல், சொறி, வயிற்றுவலி, அப்பாவின் முழங்கால், எதற்கும் முதலில் அதுதான். கொஞ்சம் குழைத்துப் பெட்டியின் நெற்றியில் பூசினாள். அப்புறம் உள்ளேயும் போகட்டும் என்று மேல் வலை வழியாக ஒரு சிட்டிகை தூவினாள்.

"ஒங்கண்ணன் சங்கரு வாரதுக்குள்ள சரியாயிரும். நீ படி."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அக்டோபர் 15, புதன்

நேற்று டெஸ்ட். இருபத்தைந்துக்கு எத்தனை வரும் என்று நினைக்கவே வேண்டாம்.

வளைந்த கம்பியை நிமிர்த்த லெட் பென்சில் போதும் என்று ஒரு வீடியோ. லெட்டை எடுத்துவிட்டு முனைக் குழாயைக் கம்பியில் மாட்டி மெல்ல நிமிர்த்த வேண்டும். 0.7 பென்சில். என்னிடம் இருப்பது அதுதான்.

ஸ்கூல் விட்டு வந்ததும் மொட்டை மாடியில், வெளிச்சம் போவதற்குள். முதல் கம்பி நிமிர்ந்தது. இரண்டாவது கொஞ்சம் சாய்வு. திருப்பி நிமிர்த்தினேன். இந்தப் பக்கம் சாய்ந்தது. இன்னொரு தடவை.

ஒடிந்தது. சத்தம்கூட இல்லை.

கீழே அம்மா "ஏட்டி, காஞ்ச துணிய எடுத்தியா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தரையில் அந்தக் கம்பியைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம். ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் செலோடேப்பால் ஒட்டியிருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. தூரப் போட மனம் வரவில்லை.

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பிராசஸரைத் திரும்பப் பூட்டி, சுவிட்சைப் போட்டேன்.

ஆன் ஆகிவிட்டது.

ஃபேன் சுற்றியது, திரை வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் சொல்லல?" நானும் கும்பிட்டேன்.

பிறகு பார்த்தேன். ரேம் எட்டு ஜிபி காட்ட வேண்டிய இடத்தில் நான்கு. இரண்டு ரேம் குச்சி மாட்டியிருக்கிறது, ஒன்றுதான் தெரிகிறது. மாற்றி மாற்றிச் சொருகினேன். குச்சியில் குற்றம் இல்லை. குச்சியைச் சொருகும் இரண்டாவது பள்ளம் செத்துவிட்டது. ஒடிந்த கம்பி அதற்கு உரியதாக இருக்கும்.

அண்ணன் ரேம்தான் வாங்கி வருகிறான். நான் சொன்னதால். கி.கா. வாங்கியிருந்தால் பொங்கல்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அக்டோபர் 16, வியாழன்

காலையிலிருந்து மழை. யூனிபார்ம் காயவில்லை, ஈரத்தோடு போனேன்.

அண்ணனுக்கு நானே போன் செய்தேன்.

"ண்ணே, கார்டே வாங்கிரு. ரேம் வேண்டாம்."

"என்னட்டி, டப்பா தாங்காது தாங்காதுன்னு பாடுன?"

"யோசிச்சுப் பாத்தேன்."

"வாங்கியாச்சுட்டி. எட்டு எட்டா ரெண்டு குச்சி, பையில இருக்கு. கூட வேலை பாக்குறவன் ஒருத்தன்கிட்ட லிஸ்ட்டக் காட்டுனேன். யாருல போட்டுக் குடுத்தான்னு கேட்டான். எந்தங்கச்சின்னேன்."

மழைச் சத்தத்தில் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செய்யக்கூடியவை:
சொல்லிவிடுவது.
சொல்லாமல் இருப்பது.
அண்ணன் வரும் சனிக்கிழமை காய்ச்சல் வருவது.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி ஒன்று. புரட்டாசி முடிந்ததால் அப்பா காலையிலேயே பிரியாணிக்குச் சொல்லிவிட்டார். அண்ணன் ஆறு மணிக்கு வந்தான். இளைத்திருக்கிறான். தூங்கவில்லை, பல் தேய்த்ததும் பெட்டியைத் திறந்தான்.

எஸ்எஸ்டி மாட்டி எல்லாவற்றையும் அதற்கு மாற்றியதும் கண்மூடித் திறப்பதற்குள் ஆன் ஆனது. அண்ணன் என் தலையில் தட்டினான். பிறகு ரேம். இரண்டு குச்சி. பதினாறு வர வேண்டும்.

எட்டு.

மாற்றிச் சொருகினான். ரப்பரால் தேய்த்துச் சொருகினான். எட்டு. டார்ச்சை உள்ளே அடித்தான்.

"இதென்ன செம்மண்ணு?"

அம்மா முறுக்கு மாவுக் கையோடு வந்தாள். "புத்து மண்ணுலா. அதுக்கு முடியலன்னு கோமு சொன்னா. ஒரு சிட்டிகதான் போட்டேன். ரெண்டே நாள்ல நல்லாயிட்டே."

"யம்மா, இதுக்குள்ள போய் யாராச்சும் மண்ணப் போடுவாங்களா?"

"சாமி மண்ணுல அது."

"சாமி மண்ணுன்னாலும் மண்ணுதானம்மா. பள்ளத்துக்குள்ள போயிட்டு. போர்டே போச்சு."

அப்பா பேப்பரை மடித்தார். "ஒங்கம்மா செய்யுத காரியம் எல்லாமே இப்படித்தான். சரி, நான் அன்னைக்குச் சொன்னதுதான். நாளைக்கு எடைக்காரன் வருவான்."

அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. புது போர்டு வாங்க இப்போது வழியில்லை என்று மட்டும் சொன்னான். அப்பா பெட்டியைத் தூக்கி வாசல் நடையில் வைத்தார்.

நான் ரேம் வந்த அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது. ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்குவதற்குள் எல்லாம் இடம் இருந்தது.

அம்மா பிரியாணி சாப்பிடவில்லை. முறுக்கு எல்லாம் கருகல். மத்தியானம் பூஜை அலமாரியிலிருந்து புற்று மண் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்த் துளசித் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். நான்காம் வகுப்பில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது ராத்திரி முழுக்க அதைக் கழுத்தில் பூசிக்கொண்டிருந்தவள்.

"இனிமே எதுலயும் போடமாட்டேன்" என்றாள். என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

காற்றும் மழையும். எடைக்காரர் பத்து மணிவரை வரவில்லை. அண்ணன் கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டு. அப்பா சவரம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு.

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து செலோடேப்பைப் பிய்த்தேன். அண்ணனின் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்னட்டி இது?"

"பிராசஸர் கம்பி."

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன், பசை, மொட்டை மாடி, பென்சில். அண்ணன் அந்தக் கம்பியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். அப்பாவின் ரேசர் கன்னத்தில் அப்படியே நின்றது.

"கழட்டாதன்னு சொன்னேம்லா?"

"சொன்ன."

"அம்மாவத் திட்டும்போது இங்கனதான நின்ன?"

"நின்னேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பியைத் திரும்ப என்னிடம் நீட்டினான். அப்புறம் தரையைப் பார்த்தபடி, "ஒத்தப் பள்ளந்தான் போச்சுன்னா போர்டு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு எட்டுக்குப் பதிலா பதினாறுல ஒத்தக் குச்சியா மாத்திக்கிடலாம். பில்லு இருக்கு" என்றான். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் எழுந்து போனான். "யம்மா, மண்ணு இல்ல. நான் தெரியாம சொல்லிட்டேன்."

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் போட்டதுனால இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணுமே ஆகலையா அதுக்கு?"

"ஆகலம்மா."

அவள் மழையிலேயே பின்வாசல் துளசித் தொட்டிக்குப் போனாள். பொட்டலம் நனைந்து குழைந்திருந்தது. நேரே என்னிடம் வந்தாள். முகத்தை மூடிக்கொண்டேன். என் கையை விலக்கி நெற்றியில் பூசினாள். கழுத்திலும். "எத்தன நாளாட்டி இப்படி நடுங்குத?" வெங்காய வாடை, மண் வாடை.

தெருமுனையில் எடைக்காரரின் மணி கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. அப்பா முகத்தில் பாதிச் சோப்போடு வாசலுக்குப் போனார். நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. மணி வாசலில் நின்றது, அப்பா ஏதோ சொன்னார், மழையில் கேட்கவில்லை. மணி நகர்ந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, அதன் பழைய இடத்தில் வைத்து, துண்டால் மேலே துடைத்தார். யாரையும் பார்க்கவில்லை.

"வாசல்ல சாரல் அடிக்கு" என்றார்.