கூடப் பாடிய எதிரொலி

என்னங்க, வணங்கி எழுதுகிறேன். சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? இறைவன் கருணையில் நான் நலம்.

பக்திப் பாட்டுப் பதிவன்று என்னோடு பாட வேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். "ரெண்டாவது குரல் இல்லாம முடியாதும்மா, பாட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றார் ஒலிப்பதிவாளர். நான் வேலை செய்யும் வீட்டு மாடிப்படியில் பாடினால் என் குரலே திரும்பி வரும். அது நினைவுக்கு வந்தது.

"மெஷின்ல எதிரொலியக் கொஞ்சம் லேட்டா விடுங்கண்ணே, அதுவே கூடப் பாடட்டும்" என்றேன்.

முதலில் வரியோடு வரி மோதியது. பிறகு ஒவ்வொரு வரி முடிந்ததும் காத்திருந்தேன். என் குரலே தோழிபோல் வந்து பாடிவிட்டுப் போனது. "அசத்திட்டீங்கம்மா!" என்று ஒலிப்பதிவாளர் எழுந்தே விட்டார். பாட்டு எனக்கே!

நான் கேட்ட சால்வை, ஊசி, நூல் எல்லாவற்றையும் ஒரே பார்சலில் போடுங்கள், செலவு மிச்சம். அடுத்த பாட்டின் இரண்டாம் குரலை நீங்கள் பாடிப் போனில் அனுப்புங்கள். எதிரொலிக்குச் சுருதி பிசகவே மாட்டேன் என்கிறது. உங்களுக்குப் பிசகும், எனக்கு அதுதான் வேண்டும். முதலாளியம்மா கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி