ஏலத்துக்கு வந்த ஜடை

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
1938 நவம்பர் 9

என் அருமை மகள் அருள்செல்விக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், பசுவும் சுகம், உன் சுகத்தை மட்டும் மறைக்காமல் எழுது. இன்னும் என்னை உனக்கு அக்காவா என்று கேட்கிறார்கள், உன் கவலையிலேயே நரைத்துவிடுவேன் போலிருக்கிறது. பதில் தாமதமானதற்கு முதலில் கோபம் காரணம், பிறகு வெட்கம்.

உன் கடிதத்தின் அடியில் சில்வியா என்று கையெழுத்து இருந்ததால், யாரோ நர்ஸ் பெண்ணுடையது மாறி வந்துவிட்டது என்று அப்பா மடித்து வைத்துவிட்டார். நான்தான் எழுத்தைப் பார்த்து நீ என்றேன். பம்பாய் ஹாஸ்டலில் முகத்துக்கு ஸ்நோவும் பவுடரும் வைத்திருக்கிறவர்களைத்தான் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் சேர்ப்பார்கள், எல்லாம் வாங்கிய பிறகும் ஒருத்தியும் பேசுவதில்லை, கண்ணாடியில் பார்த்தால் சோப்பு விளம்பரத்துப் பெண்தான் தெரிகிறாள் என்று எழுதியிருந்தாய். அழுதுவிட்டேன். அடுத்த வரியிலேயே கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை, பார்சல் அனுப்பியிருக்கிறேன் என்று முடித்துவிட்டாய். பெண்ணைக் கேட்டால் டப்பாக்கள் வருகின்றன. எனக்கு ஆத்திரம் வந்து, அடியில் என்ன இருக்கிறது என்று பாராமலே பெட்டியோடு அறுப்புப் பண்டிகைக் காணிக்கைக்குக் கொடுத்துவிட்டேன்.

கோயில் ஏலம் உனக்குத் தெரியுமே, பூசணிக்காய், கோழி, முட்டை என்று உபதேசியார் ஜெயபால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கூவுவார். உன் பவுடரை வேடிக்கை பார்க்க வந்த நாகப்பன் எடுத்து அங்கேயே பூசிக்கொண்டான். கடைசியாக, காகிதத்தில் சுற்றியிருந்த ஒன்றை உபதேசியார் பிரித்து உதறினார், நீளமாக ஒரு ஜடை தொங்கியது. பாம்பென்று பயந்து கீழே போட்டவர், பிறகு சுதாரித்து, முதல் தரமான பம்பாய் சவுரி என்று கூவினார். நாள்தோறும் எண்ணெய் வைத்துப் பின்னிய கைக்குத் தெரியாதா, நான் எழுந்தே நின்றுவிட்டேன். முடி கொட்டிப்போய்ச் சவுரிக்கு ஏங்குகிற நம் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் விடுவாளா, நான் ஏற்ற ஏற்ற அவளும் ஏற்றினாள். இன்னா டீச்சரம்மா, ஒனக்குத்தான் இடுப்புக்குக் கீழ தொங்குதே, இத்த வெச்சிக்கினு இன்னா கயிறா திரிக்கப் போறே, எனக்கு உட்டுக் குடு என்றாள். சபையே சிரித்தது. காலேஜில் லாஜிக் படித்து மெடல் வாங்கிய நான், வாதத்தையெல்லாம் விட்டுவிட்டு, அது என் பெண்ணுடையது என்று கத்திவிட்டேன். அப்பாவுக்கே அப்போதுதான் புரிந்தது. ஆரோக்கியம்மாள் ஜடையை வாங்கித் தடவிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொயந்த அங்க இன்னா பாடு பட்டுக்கினு கீதோ, நான் கேக்கல, நீயே வெச்சிக்க என்று என் மடியில் வைத்தாள்.

செல்வி, வெட்டியதற்கு எனக்குக் கோபமில்லை, பழக்கமில்லாதவர்கள் பக்கத்தில் உட்கார இடம் கேட்டு அதைக் கொடுத்தாயே என்றுதான் வருத்தம். எறியவும் மனமில்லாமல், ஒரு வார்த்தை எழுதவும் துணியாமல், டப்பாக்களுக்கு அடியில் ஒளித்து வைத்து அனுப்பியிருக்கிறாய். லீவு இருக்கத்தான் இருக்கும், ஊர் வாய்க்குப் பயந்துதான் நீ வரமாட்டேன் என்கிறாய். ஊர் உன் ஜடையைக் கையில் எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, சிரித்து, அழுது, பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை, வந்துவிடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ரயிலில் ஜன்னலோரம் உட்காராதே, கழுத்தில் காற்று படும். புறப்படும் நாளைத் தந்தியடி, சென்ட்ரலுக்கு ஆரோக்கியம்மாளும் வருவேன் என்கிறாள்.

உன் அம்மா,
எஸ்தர் பாக்கியம்